ஆறடித் தொட்டிக்கு நானூறு கிலோ குடும்பம்

விவேக் நகர் யசோதாவுக்கும் எல்லோரையும் போலக் காது இரண்டுதான். ஆனால் அந்த இரண்டையும் ஊரே பங்கு போட்டுக்கொண்டிருந்தது. ஒரு மருந்துக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். பத்தொன்பது வயதில் மாட்டிய ஹெட்போனை, 1997-இல் நாற்பத்திரண்டு வயதாகியும் கழற்றவில்லை. ஒரு நாளைக்கு ஐந்நூறு அழைப்பு வரும். தமிழில் திட்டுகிறவர், கன்னடத்தில் கெஞ்சுகிறவர், ஆங்கிலத்தில் மிரட்டுகிறவர் எல்லோருக்கும் அவளிடம் ஒரே மருந்துதான் இருந்தது. "ஹோல்ட் ப்ளீஸ்" என்று சொல்லி ஒரு பொத்தானைத் தட்டுவாள். எப்பேர்ப்பட்ட மேனேஜரும் அதோடு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பொத்தான் வீட்டில் இல்லை.

வீட்டில் அவளைத் தவிர நான்கு பேர். மாமனார் கோவிந்தப்பா முப்பத்தொரு வருஷம் சிட்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். உத்தியோகம் ஓய்ந்ததே தவிர தொண்டை ஓயவில்லை. சமையலறை வாசலில் யாராவது நின்றால்கூட, "முந்தே ஹோக்ரி, உள்ள எடம் இருக்குது, உள்ள போ!" என்று கன்னடமும் தமிழும் கலந்து கத்துவார். கொழுந்தன் நாணு வீடு வீடாகப் போய்க் கேபிள் டிவி இணைப்பு கொடுக்கிறவன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த கிரிக்கெட் மேட்சை, பார்த்து முடித்தவுடனே முதல் பந்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பான். அவன் பெண்டாட்டி மமதாவுக்கு சீரியல் கதை. இதற்கெல்லாம் மேலே பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, சர்க்கரை வாங்க வருவாள், இரண்டு மணி நேரம் பேசுவாள், சர்க்கரையை மறந்துவிட்டுப் போவாள், மறுபடி சர்க்கரைக்கு வருவாள்.

நான்காவது ஆள் புருஷன் சந்தானம். இந்தப் பேச்சுக் கச்சேரியில் தலைமை வித்வான் அவன்தான்.

சந்தானம் கிரேன் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டர். கிரேன் கொக்கியில் பாரத்தைத் தொங்கவிட்டு, அரை மணி நேரம் அசையாமல் தாங்குகிறதா என்று பார்த்துச் சீட்டு கட்டுவது அவன் வேலை. பச்சைச் சீட்டு கட்டினால் பாஸ், சிவப்பு என்றால் கழித்தாயிற்று, மஞ்சள் என்றால் மறு சோதனை. பாதி தீர்ந்த சீட்டுக் கட்டுகளை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவான். கல்யாணமான புதிதில் யசோதா வைத்த தேங்காய்ச் சட்னியில் சிவப்புச் சீட்டு கட்டியவன் அவன். அந்தச் சட்னியை அவன் தலையில் கொட்டாமல் விட்டாளே, அதற்கே அவளுக்குச் சிலை வைக்கலாம்.

அவனிடம் ஒரு கதை உண்டு. எண்பத்து நாலாம் வருஷம், விரிசல் விட்ட ஒரு கொக்கிக்குப் பச்சைச் சீட்டு கட்டச் சொல்லி ஒரு பெரிய அதிகாரி மிரட்டினாராம். இவன் மாட்டேன் என்றானாம். ஒரு வருஷம் நட்டு போல்ட்டு எண்ணும் ஸ்டோருக்குத் தூக்கிப் போட்டார்களாம். "இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல பொய்ச் சீட்டு ஒண்ணு கட்டல, தெரியுமா?" என்று முடிப்பான். இது கல்யாண வீடு, கருமாதி வீடு என்ற பேதமில்லாமல் சொல்லப்பட்ட கதை. யசோதா மட்டும் அதை நானூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

அவளுக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம், ஊட்டி வேண்டாம். வாரத்தில் ஒரு அரை மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும். கோயிலுக்குப் போனாள், அங்கே மைக் செட். பாத்ரூமில் உட்கார்ந்து பார்த்தாள். "அண்ணி, உள்ளதானே இருக்கீங்க? பதினேழாவது ஓவர்ல என்னாச்சு தெரியுமா?" என்று நாணு கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டுவிட்டான்.

அப்புறம்தான் பல் டாக்டர் வந்தார். கடைவாய்ப் பல்லுக்காகக் காத்திருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் தட்டு மாதிரி நான்கு மீன்கள். யசோதா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மீன் அவளைப் பார்த்து வாயைத் திறந்தது. வழக்கம்போல, ஏதோ சொல்லப்போகிறது என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். மீன் வாயை மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மூடியது. ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளறையில் பல் குடையும் மெஷின் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. வாயிருந்தும் பேசாத பிராணியைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பல்லைப் பிடுங்கிய கையோடு, பஞ்சைக் கடித்துக்கொண்டே, வீட்டில் அறிவித்தாள். "மீன் தொட்டி வாங்கப் போறேன்."

நாணு வாஸ்து பற்றிப் பேசினான். மாமனார் மீன் குழம்பு பற்றிப் பேசினார். அதை இங்கே எழுதினால் நமக்கும் காது போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை புருஷனும் பெண்டாட்டியும் பிரேசர் டவுனில் பாலசுப்ரமணியன் என்பவரின் மீன் கடைக்குப் போனார்கள். அன்றைக்கு அந்த ஏரியாவில் கரண்ட் இல்லை. அரை இருட்டில் வரிசையாகத் தொட்டிகள், தண்ணீருக்குள் மீன்கள் நழுவிக்கொண்டிருந்தன. ஒரு சின்னச் சத்தம் கிடையாது. யசோதாவுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"சின்னது வாங்காதீங்க மேடம்," என்றார் பாலசுப்ரமணியன். "எல்லாரும் சின்னதுன்னா சுலபம்னு நெனைக்கறாங்க. சின்னதுல தண்ணி ரெண்டே நாள்ல கெட்டுப்பூடும். பெருசுன்னா தண்ணி நெலையா நிக்கும், மீனும் கொழப்பமில்லாம இருக்கும்."

உருண்டைத் தொட்டி, மூன்றடி, நாலடி என்று அவர் காட்டிக்கொண்டே போனார். யசோதா கடைசியில் சுவரோரமாக இருந்ததைக் காட்டினாள். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம். தடிக் கண்ணாடி, மூலையெல்லாம் பசை பிசிறில்லாமல் ஓடியிருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அவளுக்கு வேறு காரணம் இருந்தது. ஹாலில் ஆறடி வைத்தால் டிவிக்கு இடம் இருக்காது. டிவி நாணுவின் அறைக்குப் போகும், டிவியோடு நாணுவும் போவான். இதை அவள் வெளியே சொல்லவில்லை.

சந்தானம் தொட்டியை விட்டுவிட்டுக் கடைக்காரர் காட்டிய இரும்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அது ஆடியது. சட்டைப்பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்தான்.

"ஏங்க, இது அவர் கடை," என்று யசோதா அவன் கையைப் பிடித்தாள்.

"முந்நூத்திச் சொச்சம் லிட்டர் தண்ணி, கண்ணாடி அறுபது கிலோ, அடியில போடற கல்லு. எல்லாம் சேர்ந்து நானூறு கிலோ யசோதா. இந்தக் குச்சிங்க மேல வெச்சா, மீன்லாம் விவேக் நகர் மெயின் ரோட்ல பஸ் புடிச்சுப் போகும். ஸ்டாண்ட நான் செய்யறேன்."

தொட்டியில் சாக்பீஸால் யசோதாவின் பெயரை எழுதிவைத்துவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் சந்தானம் மூன்று வாரம் குடியிருந்தான். ஸ்டாண்டுக்கு நான்கு கால் போதும் என்றார் பட்டறைக்காரர். இவன் எட்டு வைத்தான். குறுக்குச் சட்டம், அதற்கு மேல் இன்னொரு குறுக்குச் சட்டம், மேலே கனமான பலகை, பலகைக்கு மேல் மேடுபள்ளம் தெரியாமலிருக்க தெர்மாகோல். ஸ்டாண்ட் வீட்டுக்கு வந்தபோது ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அதன் மேல் தொட்டி என்ன, கடையையே வைக்கலாம். நாளைக்கே மீன் வந்துவிடும் என்று யசோதா நினைத்தாள்.

"டெஸ்ட் பண்ணாம எப்படி?" என்றான் சந்தானம்.

நானூறு கிலோ பாரத்துக்கு வீட்டில் எங்கே போவது? மணல் மூட்டை வைக்கலாமென்றால் புது தெர்மாகோல் கிழிந்துவிடும். அவன் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். நாணு பேசிக்கொண்டிருந்தான், மமதா பேசிக்கொண்டிருந்தாள், மாமனார் பேசிக்கொண்டிருந்தார், சந்திரம்மா சர்க்கரைக்கு வந்திருந்தாள். அவன் முகம் மலர்ந்தது.

பழைய பேப்பர் கடைத் தராசு இரவல் வந்தது. வாயால் சொல்லும் எடையைச் சந்தானம் ஏற்க மாட்டான்.

"அம்பத்தஞ்சு கிலோ," என்றாள் மமதா. தராசு அறுபத்து மூன்று என்றது.

"நான் என்ன பழைய ரத்தி பேப்பரா, தராசுல நிக்க?" என்று சந்திரம்மா மூக்கு விடைத்தாள். "எழுதிக்கோ, அறுபத்தஞ்சு." தராசு தொண்ணூற்றொன்றில் போய் நின்றது. தராசில் கோளாறு என்று அவள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாணு எண்பத்து நாலு, சந்தானம் எழுபத்திரண்டு, மாமனார் ஐம்பத்தாறு. மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு. மாமனார் மடியில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையும் மமதா மடியில் ஒன்பது கிலோ ஆட்டுக்கல் குழவியும் வைத்தால் கணக்காக நானூறு. யசோதா உட்கார வேண்டியதில்லை. சோதனைக்கு ஒரு பார்வையாளர் வேண்டும் என்பது விதி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து பேரும் ஸ்டாண்டின் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். கால்கள் பத்தும் தொங்கின. ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் விளிம்பு வரை வைக்கப்பட்டிருந்தது.

"ஒரு சொட்டுச் சிந்துனாலும் டெஸ்ட் மொதல்லேருந்து," என்றான் சந்தானம். "அரை மணி நேரம். ஆடக்கூடாது. பேசக்கூடாது."

"பேசுனா ஸ்டாண்டுக்கு என்னண்ணா?" என்றான் நாணு.

"நீ கையில்லாம பேசுவியா?"

அது உண்மைதான். அந்த வீட்டில் யாரும் வாயால் மட்டும் பேசி யசோதா பார்த்ததில்லை. டம்ளர் தண்ணீருக்கும் ஸ்டாண்டின் பலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் எண்பத்து நாலாம் வருஷக் கதை வந்துவிடும்.

முதல் முயற்சி ஐம்பது விநாடியில் முடிந்தது. தெருவில் பஸ் ஹாரன் அடித்தது, மாமனார் "ரைட்!" என்று சொல்லிவிட்டார். இரண்டாவது நாலு நிமிஷம். குழவி குளிருகிறது என்றாள் மமதா. மூன்றாவதில் சந்திரம்மாவுக்குத் திடீரென்று சர்க்கரை ஞாபகம் வந்தது. நான்காவது தடவை எல்லோருக்கும் ரோஷம் வந்துவிட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

யசோதா எதிரே பிரம்பு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஹாலில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. பின்பக்கம் குழாய் சொட்டியது, எங்கோ ஒரு குருவி கத்தியது. நாணு ஏதோ சொல்ல வந்து வாயைத் திறந்தான், டம்ளரைப் பார்த்தான், மூடிக்கொண்டான். மமதா திறந்தாள், மூடினாள். மாமனாரின் கன்னம் இரண்டும் உப்பி உப்பி அடங்கின.

காபி ருசித்தது. இருபது வருஷமாக அதே பொடி, அதே பால்தான். யசோதாவுக்குக் கண் கலங்கியது. இவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததே இல்லை. தாலி கட்டிய அன்றைக்குக்கூட இல்லை, அன்றைக்கு நாதஸ்வரம் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

அரை மணி முடிந்தது. "ஓக்கே!" என்றான் சந்தானம். ஐந்து வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. ஸ்டாண்ட் மயிரிழைகூட அசையவில்லை. விதிப்படி பச்சைச் சீட்டு மறுநாள் சாயங்காலம்தான் கட்ட வேண்டும், அதனால் அவன் அதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் யசோதா தொட்டியை அனுப்பச் சொல்ல பிரேசர் டவுனுக்கு ஆட்டோவில் பறந்தாள். கடைக்கு நாலு கடை முன்னாலேயே ஏதோ மாவு மில் சத்தம் கேட்டது. உள்ளே போனாள். மாவு மில் அங்கேதான் இருந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு மோட்டார். புர்ர்ர் என்று ஒரு பக்கம், குபுகுபு என்று இன்னொரு பக்கம். அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

"இது என்ன சத்தம்?" என்று கத்தினாள்.

"காத்து மோட்டார் மேடம்!" என்று பாலசுப்ரமணியனும் கத்தினார். "உங்க ஆறடிக்குப் பெரிய மோட்டார், ரெண்டு போட்டுத் தரேன்!"

"எப்போ நிறுத்துவாங்க?"

"நிறுத்தவா? இருபத்து நாலு மணி நேரமும் ஓடணும் மேடம். நிறுத்துனா மீன் மெதந்துடும்!"

ஸ்டாண்டில் உட்கார்ந்த ஐந்து வாயாவது தூங்கும்போது மூடிக்கொள்ளும். யசோதா வெளியே வந்து ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

அன்று இருட்டியதும் சந்தானம் பச்சைச் சீட்டும் நூலுமாகச் சமையலறைக்கு வந்தபோது, அவள் வெங்காயமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஹாலில் நாணு ஏழாவது ஓவரில் இருந்தான்.

"என்னாச்சு? தொட்டி வேற யாருக்காவது குடுத்துட்டாரா?"

"எனக்குத் தொட்டி வேணாங்க. மீனும் வேணாம்."

"அப்ப மூணு வாரமா நான் எதுக்கு..."

"எனக்கு சத்தம் இல்லாம இருக்கணும், அவ்ளோதான். காலைலேருந்து அஞ்சு மணி வரைக்கும் ஊரே காதுல பேசுது. வீட்டுக்கு வந்தா நீங்கள்லாம் பேசறீங்க. மீன் பேசாதேன்னு பாத்தேன். அதுக்கு மோட்டார் பேசுதாம்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து அந்த அரை மணி நேரம் எப்படி இருந்துச்சு தெரியுமா? செத்து சொர்க்கத்துக்குப் போன மாதிரி இருந்துச்சு. இனிமே அதுவும் கெடையாது. போய் உங்க பச்சைச் சீட்டக் கட்டுங்க."

சந்தானம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாயை மூடிக்கொண்டு, சீட்டைப் பார்த்தபடியே ஹாலுக்குப் போனான்.

மறுநாள் காலை ஸ்டாண்டின் காலில் ஒரு சீட்டு தொங்கியது. யசோதா கிட்டே போய்ப் பார்த்தாள். மஞ்சள். "இடது பக்க அதிர்வு திருப்தியில்லை. மறு சோதனை, ஞாயிறு காலை 10 மணி." கீழே சந்தானத்தின் கையெழுத்து, தேதியோடு.

எட்டுக் கால் இரும்பு ஸ்டாண்டுக்கு இடது பக்க அதிர்வாம். எண்பத்து நாலில் பெரிய அதிகாரிக்கு மசியாதவன், ஒரு வருஷம் நட்டு போல்ட்டு எண்ணியவன், பொய்ச் சீட்டு எழுதியிருந்தான். யசோதா அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான், அதுவும் தலைகீழாக. அவன் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. அந்தப் பழைய சிவப்புச் சட்னியைக்கூட அந்த நிமிஷம் மன்னித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சோதனை நடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் நடந்தது. மழைக்காலத்தில் இரும்பு சுருங்கும் என்றான் சந்தானம். மழை நின்றதும் விரியும் என்றான். ஒரு வாரம் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "சந்திரம்மா மூணு கிலோ எளைச்சிருக்காங்க, பாரம் பத்தல, போன வார டெஸ்ட் செல்லாது" என்று அறிவித்தான். சந்திரம்மா அந்த மூன்று கிலோவைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறி உட்கார ஆரம்பித்தாள். தராசு இப்போது சரியாகிவிட்டதாம்.

பதினோராவது ஞாயிறு, பத்தொன்பதாவது நிமிஷத்தில் போன் அடித்தது. ஸ்டாண்டின் மேல் ஐந்து பேரும் கண்ணை உருட்டினார்கள். யசோதா எழுந்து போய் எடுத்தாள்.

"மேடம், பாலசுப்ரமணியன் பேசறேன். உங்க தொட்டி அப்படியே நிக்குது. அத்திபெலேல ஒரு ஓட்டல்காரர் கேக்கறார், குடுத்துடவா? இல்ல ஸ்டாண்ட் ரெடியாயிடுச்சா? ஏன்னா மேடம், அந்தக் கண்ணாடி இருக்குது பாருங்க, அந்த மாதிரிக் கண்ணாடி இப்பல்லாம்..."

யசோதா திரும்பி ஸ்டாண்டைப் பார்த்தாள். நாணு வாயைத் திறந்து மூடினான்.

"ஹோல்ட் ப்ளீஸ்," என்றாள்.

ரிசீவரை மேஜை மேல் வைத்து அதன் மேல் ஒரு தலையணையைப் போட்டாள். சொந்த வீட்டில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாற்காலிக்கு வந்தபோது, சந்தானம் கண்ணால் டம்ளரைக் காட்டினான். போன் அடித்த அடியில் நாணு துள்ளியிருக்கிறான். தெர்மாகோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பளபளத்தது.

மஞ்சள் சீட்டு தொங்கிய பிறகு நிஜமாகவே விதி மீறி நடந்த தவறு அது ஒன்றுதான். சந்தானம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஒற்றை விரலை மெதுவாக உயர்த்தி, எல்லோருக்கும் காட்டினான். முதலிலிருந்து.

யசோதா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். இன்னும் முழுசாக அரை மணி நேரம் இருந்தது.